வெடிச் சத்தம் கேட்காத கஜா பெராங்

மலாயா சுதந்திரம் பெற்ற மெர்டேக்காவுக்கு மறு ஆண்டு விடுமுறையில் நான் மலாக்காவுக்குப் போனது கோட்டையைப் பார்க்க அல்ல, சண்டை போட. அங்கே கஜா பெராங் பகுதியில் இருக்கும் என் தங்கை செல்லம்மாவின் கணவர் ராமையா, லாரி டிரைவர் வேலையை விட்டுவிட்டு எரிவாயுக் கம்பெனிக்கு மேனேஜராகப் போகிறாராம். சிங்கப்பூரில் சந்தித்த ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். எண்ணெய் தேடும் குழுவில் நில அதிர்வுக் கணக்குப் போடுவது என் பிழைப்பு. மலாக்காவில் எரிவாயு இருப்பதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. எனக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

சிங்கப்பூரிலிருந்து மலாக்கா ஏறக்குறைய நூற்றைம்பது மைல். காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறி, மூவார் ஆற்றைக் கடக்கப் படகுக்குக் காத்திருந்து, இரண்டு மணிக்கு மேல் போய்ச் சேர்ந்தேன். தங்கை வீட்டுக்குப் போக திரிஷாக்காரர், அதாவது சைக்கிள் ரிக்‌ஷாக்காரர், எண்பது காசு கேட்டார். அறுபது என்றேன். என் முகத்தைப் பார்த்தவர் பேரம் பேசவில்லை.

ராமையா ஒரு நீளக் காகிதத்தை விரித்தார். முழுக்க நெளிநெளியான கோடுகள். "பாருங்க மச்சான், இங்கேருந்து குருபோங் வரைக்கும் கீழ கேஸ்தான். அந்தக் கம்பெனியிலேருந்து கோட்டு போட்ட ஒருத்தரு வந்து காட்டினாரு."

தரையில் துளையிட்டு வெடி வைத்து, கீழே உள்ள பாறைகளின் எதிரொலியைப் பதிவு செய்தால்தான் இந்தக் கோடுகள் கிடைக்கும். வாயு இருக்கும் மணற்கல்லில் அலை சற்று மெதுவாகப் போகும். இறுகிய மணற்கல்லில் அந்த வித்தியாசமும் மிகச் சிறிது. வாயுவா தண்ணீரா என்றே திணறுவோம். கிணறு தோண்டி ஒப்பிடாமல் அளவைப் பற்றி எங்கள் பெரிய துரையே வாய் திறக்க மாட்டார். இந்தக் கோட்டுக்காரன் குருபோங் வரைக்கும் வாயு என்றே சொல்லிவிட்டான்!

"இங்க வெடிச் சத்தம் கேட்டுச்சா?" என்றேன்.

"சீனப் பெருநாளுக்கு வெடிச்சாங்களே மச்சான். அதுலயே எடுத்திருப்பாங்கன்னு நெனச்சேன்."

கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. செல்லம்மா குறுக்கே வந்தாள். "இனி கத்தி என்னண்ணே ஆகப் போவுது? அவரு போன வாரமே வேலைய விட்டுட்டாரு."

திங்கட்கிழமை ராமையாவின் பழைய லாரிக் கம்பெனி ஆபீசுக்குப் போய்க் கெஞ்சினோம். அந்த லாரிக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது. கோட்டுக்காரன் தங்கியிருந்த ஹோட்டல் அறையும் காலி.

மலாக்கா போகிறவர்கள் காலை பஸ்ஸிலேயே போங்கள். படகுக்குக் காத்திருக்கும்போது மூவாரில் சாப்பிட்டுவிடுங்கள். யாராவது கோடு போட்ட காகிதத்தை நீட்டினால், வெடி எங்கே வைத்தார்கள், கிணறு எங்கே தோண்டினார்கள் என்று கேளுங்கள்.

திரும்பும்போது ராமையா பஸ் ஏற்றிவிட வந்தார். "முன்னாடியே என்கிட்ட கேட்டிருக்கலாமே" என்றேன்.

"ரெண்டு வாட்டி கேக்க நெனச்சேன் மச்சான். உங்களுக்கு ஆங்கின் வந்திரும்னு பயந்து விட்டுட்டேன்."

காற்றுக்கும் கோபத்துக்கும் மலாய்க்காரர்கள் வைத்திருக்கும் ஒரே சொல் அது.