நரி மாமாவின் கடைசிப் பதில்

பணிப்பதிவேட்டில் அவளைப் பற்றி இருந்தது இவ்வளவுதான்: "தபால் பிரிப்பாளர். வாசகர்களோடு தொடர்பில்லாத பணி."

அந்தச் சிறுவர் வாரப் பத்திரிகைக்கு வரும் கடிதங்களைப் பதினெட்டு வருடமாகப் பிரித்ததும் அவள்தான். 'நரி மாமா' என்ற பெயரில் அவற்றுக்குப் பதில் எழுதியதும் அவள்தான். பழைய நரி மாமா வேலையை விட்டுப் போனபோது ஒரு வாரம் சமாளிக்கச் சொன்னார்கள். அந்த ஒரு வாரம் முடியவே இல்லை. அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் 'மாமாக்கா'.

அச்சை நிறுத்திவிட்டுச் செல்போன் செயலியாக மாறுவது என்று முடிவான வாரத்தில் ஒரு சிறுமியின் கடிதம் வந்தது.

"அப்பா சண்டை போட்டுட்டு துறைமுக ஊருக்குப் போயிட்டார். நம்பரையும் மாத்திட்டார். ஆனா பஸ் ஸ்டாண்டு கடையில உங்க பேப்பரை வாங்குவேன், உன் பேர் வந்தா பார்த்துடுவேன்னு சொல்லிட்டுப் போனார். என் பேரைப் போடுங்க மாமா. எனக்குக் கோபம் இல்லைன்னும் போடுங்க."

கடைசி இதழில் நரி மாமாவுக்கு இடமில்லை. ஆசிரியரின் விடைபெறும் உரைக்கே பக்கம் போதவில்லை.

"சார், உங்க உரையில ஆறு வரி குறைக்கலாமா?"

"எந்த ஆறு வரி?"

"எதை எடுத்தாலும் தெரியாது சார்."

ஆசிரியர் முறைத்தார். பிறகு சிரித்துவிட்டு, வாசகர்களுக்கு நன்றி சொன்ன பத்தியை அடித்தார்.

கடிதம் அச்சானது. திங்கட்கிழமை, துறைமுக ஊருக்குப் போன பத்திரிகைக் கட்டு கயிறுகூட அவிழாமல் திரும்பி வந்தது. நிற்கப்போகிற பத்திரிகைக்காக எதற்கு அலைய வேண்டும் என்று அந்த ஊர் ஏஜென்ட் ஒரு வாரம் முன்பே கைகழுவியிருந்தார்.

கட்டைத் தூக்கிக்கொண்டு அவளே பஸ் ஏறினாள்.

"குழந்தைங்க பேப்பரா? இங்க ஒரே ஒருத்தர்தான்மா வாங்குவார்," என்றார் கடைக்காரர். "நின்ன இடத்துலயே பிரிச்சு, ஒவ்வொரு பேரா விரலை வெச்சுப் படிப்பார். 'என்ன சார், பரீட்சை ரிசல்ட்டா?'ன்னு கேலிகூடப் பண்ணுவேன்."

"எப்ப வருவார்?"

"வியாழக்கிழமை வருவார். போன வியாழனும் வந்தார். பேப்பர் நின்னு போச்சு, இனிமே வராது சார்னு சொல்லிட்டேன். சரின்னு தலையாட்டிட்டுப் போனார். வீடு எங்கன்னு தெரியாதும்மா."

பத்திரிகை நின்றுவிட்டது என்று கடைக்காரர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

அடுத்த நான்கு வியாழக்கிழமைகளும் அவள் அந்தக் கடையில் போய் நின்றாள். அவர் வரவில்லை. ஐந்தாவது வாரம் கட்டிலிருந்து ஒரு பிரதியை எடுத்து, பெயர் வந்த பக்கம் மேலே தெரியும்படி மடித்து, "இது உன் அப்பா கைக்குப் போய்ச் சேரவில்லை. ஆனால் வாரம் தவறாமல் உன் பெயரைத் தேடியிருக்கிறார்" என்று ஒரு தாளில் எழுதி வைத்து, அந்தச் சிறுமிக்குத் தபாலில் அனுப்பினாள்.