ஜூரோங் நாவலைக் கைவிட்ட மதியம்

சிங்கப்பூரின் ஜூரோங் கப்பல் பட்டறையைப் பற்றி ஒரு நாவலை ஒன்பது ஆண்டுகள் எழுதினேன். பதிப்பகங்கள் கொடாக்கண்டன், நான் விடாக்கண்டன். திரும்பி வந்தபோதெல்லாம் நாயகனின் மீசையை மாற்றி, அடுத்த பதிப்பகத்துக்கு அனுப்பினேன். நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான் என்று சொல்லிச் சொல்லி அலுத்து, என் மனைவி நாவலைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

இதற்கிடையில், சுவா சூ காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக் லிஃப்டில் தினமும் கிளிக்கூண்டோடு ஏறும் ஒரு பெண்ணைப் பார்த்து, புதுக்கதை ஒன்று மனத்தில் முளைத்தது. ஆனால் எழுத உட்கார்ந்தால், பழைய நாவலின் பதினேழாம் அத்தியாயம் வந்து உறுத்தும். அதைத் திருத்தப் போவேன், புதுக்கதை ஓடிப்போகும். இப்படியே போனால் வேறு எதையும் எழுதாமலே காலம் முடிந்துவிடும் என்று எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை நாவலின் தாள்கட்டைத் தூக்கிக்கொண்டு தேக்கா சந்தைக்குப் போனேன். வீட்டுக் குப்பையில் தள்ள மனம் வரவில்லை, பெற்ற பிள்ளையாயிற்றே. அங்கே உணவங்காடியில் விட்டுவிட்டால் யாராவது எடுத்துப் படிப்பார்கள், எனக்கும் விட்டது தொல்லை. கட்டை ஒரு மேசைமேல் வைத்துவிட்டு, பக்கத்து மேசையில் உட்கார்ந்து கிளிக்கதையைத் தொடங்கினேன்.

ஒரு வரிகூட ஓடவில்லை. மதியக் கூட்டம் தட்டும் கையுமாக அலைந்தது, அந்த மேசையில் மட்டும் ஒருவரும் உட்காரவில்லை. ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்தாலே இடம்பிடித்ததாக மதிக்கும் ஊர் இது. நான் வைத்ததோ நானூறு பக்கம். நானே எத்தனையோ தடவை அப்படி இடம்பிடித்தவன், இது எப்படித் தோன்றாமல் போனது? ஒருவருக்காவது அதைப் புரட்டிப் பார்க்கலாம் என்று தோன்றவில்லை. அதுதான் உள்ளபடியே வலித்தது.

முக்கால் மணி நேரம் கழித்து, பிரியாணித் தட்டோடு நின்ற ஓர் அம்மா என்னிடம் வந்தார். நான் அந்தக் கட்டையே முறைத்துக்கொண்டிருந்ததைக் கவனித்திருக்க வேண்டும்.

“அண்ணே, அது உங்களோடதா?”

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன், வாய் வரவில்லை. என்னுடையதுதான், வேலை முடிந்துவிட்டது என்றேன்.

“முடிஞ்சிருச்சுன்னா எடுத்துருங்க லா. அடுத்த ஆளு எவ்வளவு நேரம் நிக்கிறது?”

கட்டை எடுத்துப் பைக்குள் திணித்து, ஜிப்பை இழுத்தேன். அந்த அம்மா சாப்பிட்டுத் தட்டைக் கொண்டுபோய் வைப்பதற்குள் மூன்று பக்கம் எழுதியிருந்தேன். மூன்றும் சுமார்தான். ஆனால் ஒன்றிலும் கப்பல் இல்லை.