ஒரே முகம், இரண்டு இனம்

பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செட் செய்து கொடுக்கும் பட்டறையில் அவளுக்குப் பல்லக்கா என்று பேர். கைக்கு வரும் பிளாஸ்டர் அச்சைத் திருப்பிப் பார்த்தே, இவர் இடது பக்கமாகவே மெல்லுகிறவர், இவர் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர் என்று சொல்லிவிடுவாள். சிரிப்பை அடக்கத் தெரியாதது ஒன்றுதான் அவளிடம் குறை. சிரிக்கக் கூடாத இடமென்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வரும்.

அவளுக்குப் பத்து நிமிஷம் மூத்தவள் ஒருத்தி உண்டு. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். உரித்து வைத்த மாதிரி ஒரே முகம். அந்தப் பத்து நிமிஷத்தைக் காட்டியே நாற்பத்தேழு வருஷமாகத் தன்னை அக்கா என்று கூப்பிட வைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் அடையாள அட்டையில் இருவருக்கும் இனம் வேறு வேறு. அப்பா ஓர் இனம், அம்மா இன்னோர் இனம். பிறப்பைப் பதிந்த அன்று காலையில் மூத்தவளின் ஆஸ்பத்திரிச் சீட்டை அப்பா நீட்டினார். குமாஸ்தா அவரை ஏற இறங்கப் பார்த்து அவருடைய இனத்தை எழுதினார். அடுத்த சீட்டை நீட்டுவதற்குள் சாப்பாட்டு நேரம் என்று ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். அப்பாவுக்கு ஆலையில் மதிய ஷிப்ட். அதனால் பிற்பகலில் அம்மா போனாள். அப்போது உட்கார்ந்திருந்தவர் வேறு ஆள். அவர் அம்மாவை ஏற இறங்கப் பார்த்து அம்மாவின் இனத்தை எழுதினார். வேலை முடிந்தது.

வீட்டில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பது வயதில் இருவரும் உடம்பைச் சோதித்துக்கொள்ளப் போனார்கள். அட்டையைப் பார்த்த டாக்டர் ஒருவர், உங்கள் இனத்தவருக்குச் சர்க்கரை சீக்கிரம் வரும், வாயைக் கட்டுங்கள் என்று மூத்தவளை மிரட்டினார். அடுத்த அறையில் இன்னொரு டாக்டர், உங்கள் இனத்துக்கு அந்தப் பயம் குறைவு என்று பல்லக்காவைத் தட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து வீட்டுக்கு இனிப்பு வந்தால் அக்காவின் பங்கையும் பல்லக்காவே, மிகுந்த பொறுப்போடு, தின்று தீர்த்தாள்.

அம்மாவுக்கு முழங்கால் மடங்காமல் போனபோதுதான் சிக்கல் வந்தது. அம்மா இருந்தது பல்லக்காவிடம். மூத்தவள் நகரத்தின் மறுகோடியில். மாறி மாறிப் பார்த்துக்கொள்ள இரண்டு பஸ் பிடிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து மூத்தவள் இருந்த அடுக்குமாடியில் எதிர்வீடு விலைக்கு வந்தது. ஆனால் அங்கே ஒவ்வொரு கட்டடத்திலும் இன்ன இனத்துக்கு இத்தனை வீடு என்று அரசாங்கம் வைத்த அளவு உண்டு. அம்மாவின் இனத்துக்கு இடம் நிரம்பிவிட்டது. காலியாக இருந்தது அப்பாவின் இனத்துக்குத்தான்.

அட்டையைத் திருத்தப் பல்லக்கா பதிவு அலுவலகத்துக்குப் போனாள். ஏழாம் கவுன்ட்டர் அதிகாரி அட்டையைப் படித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவள் முகத்தைப் படித்தார். "இருபத்திரண்டு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன்மா. பார்த்த உடனே சொல்லிடுவேன். இந்தக் கன்னம், இந்தக் கண்ணு, அசல் உங்க அம்மா இனம். திருத்த ஒண்ணுமே இல்ல."

அவர் அம்மாவைப் பார்த்ததே கிடையாது. பல்லக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்து, வாகனம் நிறுத்துமிடத்தில் நின்று சிரித்து முடித்தாள்.

அடுத்த திங்கள்கிழமை மூத்தவள் லீவு போட்டாள். தன் அட்டையோடு அதே கவுன்ட்டருக்குப் போய், அவரைச் சோதிக்கவென்றே, தன்னை அம்மாவின் இனத்துக்கு மாற்றச் சொன்னாள். பல்லக்கா பின்வரிசை நாற்காலியில் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டாள். அதிகாரி அட்டையைப் படித்தார், முகத்தைப் படித்தார். இந்த மூக்கு ஒன்று போதும், நீங்கள் அப்பா இனமேதான் என்றார். இந்த முகத்தை வேறு எங்காவது பார்த்திருக்கிறீர்களா என்று மூத்தவள் அடக்கமாகக் கேட்டாள்.

"உங்க இனத்துல முக்காவாசிப் பேருக்கு இதே முகம்தாம்மா."

பல்லக்கா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வந்து அக்காவின் பக்கத்தில் நின்றாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிப் பார்த்தார். மறுபடியும் துடைத்தார். பாவம், காதுமடல் வரைக்கும் சிவந்துவிட்டது. பல்லக்காவுக்கே ஒரு கணம் சங்கடமாக இருந்தது.

"நான் தினமும் வாய் வாயா அச்சு பார்க்கிறவ சார்," என்றாள். "யாரு நகம் கடிக்கிறாங்கன்னுகூடச் சொல்லுவேன். யாரு என்ன இனம்னு மட்டும் இன்னிவரைக்கும் ஒரு பல்லும் என்கிட்ட சொன்னதில்ல."

அவர் இரண்டு படிவங்களை எடுத்து நீட்டினார். கூடப் பிறந்தவரின் பதிவோடு பொருந்தவில்லை என்று ஒவ்வொருவரும் எழுத வேண்டும். ஆதாரமாக மற்றவரின் பிறப்புச் சான்றிதழை இணைக்க வேண்டும். எழுதிக் கொடுத்தார்கள். ஒரு படிவம் மேல்மாடிக்கும் மற்றது பக்கத்துக் கட்டடத்துக்கும் போனது.

ஒன்பது வாரம் கழித்து, ஒரே நாளில், இருவருக்கும் கடிதம் வந்தது. ஆதாரத்தை ஏற்று இனம் திருத்தப்பட்டது. மூத்தவள் இனி அம்மாவின் இனம். பல்லக்கா இனி அப்பாவின் இனம்.

மூத்தவளுக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை வருஷம் ஓர் இனமாக இருந்துவிட்டுத் திடீரென்று வேறு இனம் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று போனில் பொரிந்தாள். பல்லக்கா மெழுகு உருக்கும் விளக்கை அணைத்துவிட்டு வேலைமேஜை மேல் கவிழ்ந்து சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு வந்த பிறகுதான், இனி எதிர்வீட்டைத் தான் தாராளமாக வாங்கலாம், ஏற்கெனவே குடியிருக்கும் அக்காவை யாரும் கிளப்ப மாட்டார்கள் என்று விளக்கினாள். பிறகு மூத்தவளும் சிரித்தாள். அம்மா கடிதங்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "வயித்துக்குள்ள ரெண்டும் ஒரே இடத்துலதான் உதைச்சுதுங்க" என்றாள்.

குடிபோன அன்று கட்டடச் செயலாளர் காகிதங்களைச் சரிபார்க்க வந்தார். கண்ணில் புரை. எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, பல்லக்காவைத் தனியே அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"எதிர்வீட்டு அம்மா இப்ப வேற இனம்னு பதிவாகியிருக்கு. பழக்கவழக்கம் எல்லாம் வேற மாதிரி இருக்கும். நீங்கதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்."

முயற்சி செய்கிறேன் என்றாள் பல்லக்கா, முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல்.