நகராத பஸ்

கல்லூரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிரேக் மேடம் என்று கேட்டால்தான் வாசல் காவலாளிக்கே வழி சொல்லத் தெரியும். வருஷக்கணக்கில் பஸ் பிரேக்கைப் பற்றியே ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவள். கூட்டங்களில் யாராவது ஆகாயத்தில் கோட்டை கட்டிக்கொண்டே போனால் கையை லேசாகத் தூக்கி ஒரு கேள்வி கேட்பாள். கோட்டை அதற்குமேல் எழும்பாது. அதனாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அவளுடைய ஆய்வுக்கூடம் கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. முன்பு உடைந்த நாற்காலிகளைக் குவித்து வைத்திருந்த இடம். கதவைத் திறந்ததும் ஒரு பஸ்ஸின் முகம் எதிரே நிற்கும். பழைய இரும்புக்குப் போகவிருந்த பஸ் ஒன்றை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அறுத்து, முன்பகுதியை மட்டும் தரையோடு பொருத்தியிருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே வளைந்த பெரிய திரை. சாவியைத் திருப்பினால் திரையில் ஒரு தெரு விரியும். கடைகள், சைக்கிள்கள், திடீரென்று குறுக்கே ஓடும் ஒரு நாய். ஸ்டியரிங்கைத் திருப்பினால் தெருவும் திரும்பும். பஸ் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

எதற்காக இது என்றால், ஊரில் டீசல் பஸ்களை எடுத்துவிட்டுக் கரண்டில் ஓடும் பஸ்களைக் கொண்டுவரப் போகிறார்கள் என்ற பேச்சு அப்போதே வந்துவிட்டது. கரண்ட் பஸ்ஸில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல மெல்ல எடுத்தால் வண்டியின் வேகம் தானே குறையும். குறைகிற வேகம் கரண்டாக மாறிப் பேட்டரிக்கே திரும்பிப் போகும். டீசல் வண்டியில் பழகிய கால் அப்படி எடுக்காது. கடைசிவரை அழுத்திவிட்டு, ஸ்டாப் வந்ததும் பிரேக்கை ஓங்கி மிதிக்கும். அந்தக் காலுக்குப் புதுப் பழக்கம் சொல்லித்தரத்தான் அவள் இந்த மெஷினைச் செய்தாள். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் திரையில் மார்க் வரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி டிரைவர்களும் மார்க்கைப் பார்த்தால் ஆர்வமாகக் கற்றுக்கொள்வார்கள் என்று நினைத்து அவளே சேர்த்தது அது.

அவளுடைய அண்ணன் டவுன் பஸ் டிரைவர். அப்பா படுக்கையில் விழுந்த வருஷம் படிப்பை விட்டுவிட்டு லாரியில் கிளீனராக ஏறியவர், பிறகு லைசென்ஸ் எடுத்து பஸ்ஸுக்கு வந்தார். தங்கையை அவர் படிக்கவைத்ததெல்லாம் அந்த ஸ்டியரிங்கைப் பிடித்துத்தான். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருந்தாள், சாப்பாடு கீழே. நாற்பதைத் தாண்டிய பிறகும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான். "எங்க வீட்டு இன்ஜினியர்" என்று டெப்போவில் அவர் பேச்சை எடுத்தால், கண்டக்டர்கள் டிக்கெட் பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்களாம். அத்தனை தடவை கேட்டிருக்கிறார்கள்.

மெஷின் உருவான காலத்தில் விடுமுறை நாட்களில் அவர் ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிடுவார். சீட் இவ்வளவு தாழ்வாக இருந்தால் இடுப்பு போய்விடும் என்பார். மாணவர்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து டெப்போ கதைகள் கேட்பார்கள். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, அவரை முதன்முதலாக முழு ஓட்டம் ஓட்டச் சொன்ன நாள்வரை. இரண்டு திருப்பம் திரும்பியதுமே அவர் முகம் வெளுத்தது. இறங்கிவந்து படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"என்ன பாப்பா இது, மலைப்பாதையில லாரி ஓட்டினவன் நான். நிக்கிற பஸ்ல எனக்குத் தலை சுத்துது" என்று அவரே சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும். கண், வண்டி ஓடுகிறது என்கிறது; உடம்பு, இல்லை என்கிறது. இரண்டுக்கும் நடுவில் மனிதன் மாட்டிக்கொள்கிறான். எவ்வளவு காலம் நிஜ வண்டி ஓட்டியிருக்கிறானோ, அவ்வளவுக்கு அவன் உடம்பு அந்தக் குலுக்கலை எதிர்பார்க்கும். போதாக்குறைக்கு, பிரேக்கை மிதித்த பிறகு திரையில் படம் நிற்க ஒரு இமைப்பொழுது தாமதமாயிற்று. சின்னப் பையன்களுக்கு அது தெரியவே தெரியாது. வயதான டிரைவர்களின் காலை அதுவே குழப்பிவிடும்.

துறைத்தலைவரிடம் சொன்னாள். படத்தின் தாமதத்தைச் சரிசெய்ய இன்னும் கொஞ்ச காலம் வேண்டும், வயதானவர்களை வைத்துச் சோதிக்காமல் வெளியே கொடுக்கக்கூடாது என்றாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். குறையில்லாத மெஷின் உலகத்தில் எங்கே இருக்கிறது, கட்டுரையின் கடைசியில் குறைபாடுகள் என்று ஒரு பத்தி போடுங்கள், போதும் என்றார். அவளும் போட்டாள். சோதனைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த டிரைவர்கள். அவர்களுடைய மார்க் மளமளவென்று ஏறியது, கரண்ட் செலவு குறைந்தது. கட்டுரைக்கு மாநாட்டில் பரிசு கிடைத்தது. போக்குவரத்துக் கழகம் மெஷினை அப்படியே வாங்கித் தன் பயிற்சிக் கூடத்தில் வைத்துக்கொண்டது. அன்று அண்ணன் டெப்போ முழுக்க மிட்டாய் கொடுத்தார்.

புதுப் பஸ்கள் வந்து இறங்கியபோது கழகம் ஒரு விதி போட்டது. மெஷினில் தேறியவர்களுக்குத்தான் கரண்ட் பஸ். இரண்டு தடவை தவறியவர்கள் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது; வேறு வேலைக்கு மாற்றுவார்கள். டீசல் பஸ்கள் ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டிருந்ததால் திரும்பிப் போகவும் வழியில்லை.

இந்த விதியே அவளுக்கு அண்ணன் சொல்லித்தான் தெரியும். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே கையை நிறுத்தினாள். பிறகு சமாளித்துக்கொண்டு, திரையில் தூரத்தைப் பாருங்கள், கிட்டத்தில் பார்க்காதீர்கள், தலை சுற்றினால் உடனே நிறுத்திவிட்டு இறங்கிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினாள். பரீட்சையில் யார் பாதியில் எழுந்து வருவார்கள்? அவர் நிறுத்தவில்லை. ஓட்டம் முடிகிற கட்டத்தில், வரிசையில் காத்திருந்த பையன்கள் முன்னால், ஸ்டியரிங்மேலேயே வாந்தி எடுத்துவிட்டார். அவரே வாளியில் தண்ணீர் கொண்டுவந்து துடைத்தாராம். இரண்டாம் தடவை வெறும் வயிற்றோடு போனார். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு ஓட்டியதில் திரையில் சைக்கிள்காரன் ஒருவனை இடித்துவிட்டார். மார்க் முதல் தடவையைவிடக் குறைந்தது.

மறுநாள் காலையிலேயே அவள் பயிற்சி அதிகாரியைப் போய்ப் பார்த்தாள். கெட்ட மனிதர் என்று சொல்லமுடியாது. நாற்காலி போட்டு உட்காரவைத்து டீ வரவழைத்தார்.

"இது கத்துக்கொடுக்கிறதுக்குச் செஞ்ச மெஷின் சார். ஆளைக் கழிச்சுக்கட்டறதுக்கு இல்ல" என்றாள்.

"மார்க் போடுதே மேடம்?"

"அது அவங்களுக்கு ஊக்கமா இருக்கட்டும்னு வச்சது."

"மார்க்னு ஒண்ணு இருந்தா நாங்க என்ன பண்ணுவோம், சொல்லுங்க. என் கண்ணால பார்த்து ஒருத்தரை வேண்டாம்னு சொன்னா, வேண்டியவன் வேண்டாதவன்னு பேச்சு வரும். மெஷின் சொன்னா எவனும் வாயைத் திறக்கமாட்டான். உங்களுக்கு நாங்க நன்றிதான் சொல்லணும்."

படத்தின் தாமதத்தை விளக்கினாள். குறைபாடுகள் பத்தியைச் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, கல்லூரியிலிருந்து முறைப்படி எழுதித் தரச் சொல்லுங்கள், மேலே அனுப்புகிறேன் என்றார். துறைத்தலைவர் எழுதித் தரவில்லை. அடுத்த ஆராய்ச்சிக்கு அதே கழகத்தைத்தான் நம்பியிருந்தார்கள். ஆனால் அவர் சொன்ன காரணம் வேறு, அதுதான் அவளை அடித்துப்போட்டது. "தவறினவங்கள்ல ஒருத்தர் உங்க கூடப்பிறந்தவர். நீங்க எதைச் சொன்னாலும் அண்ணனுக்காகப் பேசறீங்கன்னுதான் ஆகும். நியாயமே இருந்தாலும் எடுபடாதும்மா."

அவளே கைப்பட எழுதிக் கழகத்துக்கு அனுப்பினாள். தவறியவர்களில் அநேகமாக எல்லோருமே ஐம்பதைத் தாண்டியவர்கள், இது அவர்கள் திறமைக் குறைவு இல்லை, மெஷினின் குறை என்று விளக்கியிருந்தாள். கவனத்தில் கொள்ளப்பட்டது என்று பதில் வந்தது. அதோடு சரி.

அண்ணனை சார்ஜ் ஏற்றும் இடத்தில் போட்டார்கள். பஸ்கள் வந்து நின்றதும் தடிமனான ஒயரைத் தூக்கிச் சொருகவேண்டும், நிறைந்ததும் பிடுங்கவேண்டும். அவர் சொல்லிக்கொடுத்து வேலை கற்ற பையன்கள் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அண்ணே என்று கூப்பிடத் தயங்கி, பேசாமல் இறங்கிப்போவார்கள்.

அவர் கத்தியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். வாசலில் உட்கார்ந்து சட்டையைத் தைத்துக்கொண்டிருந்த அண்ணியும் ஒரு மாலை அதைத்தான் சொன்னாள். "அவர் உன்மேல கோவப்பட்டுட்டா தேவலை. கோவமே வரமாட்டேங்குது அவருக்கு. எனக்கு அதுதான் பயமா இருக்கு."

கோபம் வராததற்குக் காரணம் இருந்தது. அவர் மெஷினை நம்பினார். மெஷின் தப்பு என்று அவள் எத்தனை விதமாகச் சொன்னாலும் அவர் காதில் ஏறவில்லை.

"நீ செஞ்சது பாப்பா. நீ சின்ன வயசுலயே கணக்குல ஒரு புள்ளி விடமாட்ட. எனக்காக இப்போ அதைத் தப்புன்னு சொல்லாத."

"உங்களுக்காகச் சொல்லலண்ணா, நிஜமாவே தப்பு."

"அப்போ பரிசு எதுக்குக் குடுத்தாங்க?"



அதற்குப் பிறகு அவர் தன் பழைய வருஷங்களை ஒவ்வொன்றாகக் கிளற ஆரம்பித்தார். சாப்பிடும்போது திடீரென்று நிறுத்தி, ஒரு மழை நாளில் கைக்குழந்தையோடு நின்ற பெண் ஒருத்தி தான் போட்ட பிரேக்கில் கம்பியில் மோதிக்கொண்டதைச் சொல்வார். அப்போது முன்னால் போன வண்டிமேல்தான் தப்பு என்று நினைத்திருந்தேன், இப்போது யோசித்தால் என் கால்தான் என்பார். பள்ளிக்கூட வாசலில் ஒரு தடவை கோட்டைத் தாண்டி நிறுத்தியது, பெரியவர் ஒருவர் இறங்கும்முன் வண்டியை எடுத்துவிட்டது. யாருமே ஞாபகம் வைத்திராத சங்கதிகள். ஒரு பெரிய விபத்துகூட இல்லாமல் வேலை பார்த்தவர் என்று டெப்போவே சொன்ன மனிதர், நல்ல காலத்தினால்தான் யாரும் சாகவில்லை என்கிற இடத்துக்கு வந்துவிட்டார்.

இதை முறிக்க ஒரே வழிதான் அவளுக்குத் தெரிந்தது. ஆராய்ச்சிக்கென்று கல்லூரிக்கு ஒரு நிஜ கரண்ட் பஸ் கொடுத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மைதானத்தைச் சுற்றியிருந்த காலி ரோட்டில் அண்ணனை அதை ஓட்டச் சொல்வது. எவ்வளவு கரண்ட் திரும்பிப் போகிறது என்று அளந்து, அந்தக் கணக்கை அவர் கண் முன்னாலேயே காட்டுவது. அவர் வரமாட்டேன் என்றார். அண்ணிதான் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

நல்ல வெயில் நாள். ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லை. அவர் ஏறி உட்கார்ந்தார், சீட்டைச் சரிசெய்தார், கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தார். அந்தக் கைகள் எல்லாவற்றையும் தானாகவே செய்தன. அவள் பின்னால் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு நாளில் முதல் தடவையாக நெஞ்சில் ஒரு நிம்மதி.

பஸ் கிளம்பிய மாத்திரத்தில் அது போய்விட்டது. அவர் ஓட்டவில்லை, பயந்துகொண்டிருந்தார். ஆக்சிலேட்டரில் கால் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். எதுவும் இல்லாத ரோட்டில் பிரேக்கை மிதித்தார். வண்டி இடறி இடறிப் போயிற்று. திருப்பத்துக்கு வெகு முன்னாலேயே நிறுத்திவிட்டு, பிறகு உருட்டிக்கொண்டே போய்த் திரும்பினார். காது ஓரமாக வியர்வை இறங்குவது அவளுக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது. மடிக்கணினியில் ஓடிய கணக்கைப் பார்த்தாள். பயிற்சிக் கூடத்தில் அவருக்கு வந்த மார்க்கைவிட மோசம். இந்தத் தடவை திரையும் இல்லை, தாமதமும் இல்லை. மெஷின் சொன்னது பொய்யாக இருந்தது. இப்போது அது மெய்யாகிவிட்டது.

மைதானத்தை முழுதாகச் சுற்றாமலே அவர் வண்டியை ஓரங்கட்டினார். அவள் மடிக்கணினியை மூடினாள்.

"எவ்வளவு வந்துச்சு?" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

"ஒயர் சரியா மாட்டல போலண்ணா. ஒண்ணும் பதிவாகல."

"சரி" என்றார். சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, முன்வாசல் வழியாக இறங்காமல், பயணிகள் இறங்குகிற பின்வாசல் வழியாக இறங்கிப் போனார்.

அந்த வருஷமே அவர் விருப்ப ஓய்வு எழுதிக்கொடுத்துவிட்டார். இப்போது வீட்டில்தான் இருக்கிறார். கடைக்குப் போவதென்றால் நடந்தே போவார். ரோட்டைக் கடக்கவேண்டி வந்தால் வெகுநேரம் நிற்பார். ரோடு காலியாக இருந்தாலும் நிற்பார். யாராவது கடக்கும்போது கூடவே கடப்பார்.

அவள் ஆய்வுக்கூடத்தை விடவில்லை. விட்டால் வீட்டுக்கு வேறு வரும்படி இல்லை. படத்தின் தாமதத்தைச் சரிசெய்து இரண்டாவது மெஷினை முடித்துக்கொடுத்தாள். தலைசுற்றல் பாதியாகக் குறைந்தது. பழைய மெஷினில் தவறியவர்களைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்கலாமே என்று கழகத்தைக் கேட்டாள். அந்த இடங்களுக்கெல்லாம் ஆள் போட்டாயிற்று என்றார்கள். புது மெஷினைக் கழகம் ஏற்றுக்கொள்ளும் தாள் கையெழுத்தாகும்முன், சரிபார்ப்பதற்காக அவளே ஏறி உட்கார்ந்து ஒரு ஓட்டம் ஓட்டினாள். எந்த மிதி எப்போது என்று எல்லாம் அவள் எழுதிய கணக்குத்தானே. முடிவில் திரை பச்சையாக ஒளிர்ந்து, நூற்றுக்கு நூறு, நீங்கள் பஸ் ஓட்டத் தகுதியானவர் என்று காட்டியது. மாணவர்கள் கைதட்டினார்கள்.

ஸ்கூட்டர் ஓட்டக்கூட அவளிடம் லைசென்ஸ் கிடையாது.