அக்கா முன்னால் இழுத்து வைத்த அடுப்பு

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம்.

அக்கா பாலக்கோட்டுக்கு அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அடுத்தவன் நான். அக்காவின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. பத்தொன்பது வயதில் தளிப் பக்கம் வாழ்க்கைப்பட்டார். மாமா அங்கே பெங்களூர் முதலாளி ஒருவரின் பழைய பங்களாவுக்குக் காவலாளி. அன்று அதுவும் தர்மபுரி மாவட்டம்தான், குளிர் மட்டும் வேறு. வெள்ளைக்காரர்கள் கட்டிய அந்தப் பங்களாவின் கூடத்துச் சுவருக்குள் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்குக் கணப்பு இருந்தது. கட்டையை எரித்துக் குளிர்காயும் மாடம் அது. அதற்கு மேலே புகைபோக்கி.

எண்பதுகளின் தொடக்கத்தில் மாமா காலமானார். அக்காவுக்கு இரண்டு பெண் குழந்தைகள். காவலாளி இல்லாதபோது அவர் குடும்பம் இங்கே எதற்கு என்று முதலாளி கேட்டார். அது நியாயம்தான். தோட்டத்தில் மல்பெரி இருந்ததால், பட்டுப்பூச்சி வளர்க்க ஒரு வாய்ப்பு வேண்டும் என்று அக்கா கேட்டார். ஒருமுறை பட்டுக்கூடு நன்றாக வந்தால் பின்கட்டையும் தோட்டத்தையும் அவரிடமே விடுவதாகவும், இல்லாவிட்டால் கிறிஸ்துமஸுக்குள் காலி செய்யவேண்டும் என்றும் முதலாளி சொல்லிவிட்டார். பிறந்த வீட்டுக்கே வந்துவிடும்படி நாங்கள் கூப்பிட்டோம்.

"ஒரு வாரம் இருந்தா விருந்தாளி. அப்பறம்?" என்றார் அக்கா.

புழு வளரும் இடம் கதகதப்பாக இருக்கவேண்டும். ஆனால் புகை ஆகாது, சாம்பிராணிகூடப் போடக் கூடாது. நான் ஐ.டி.ஐ. முடித்து ஓசூரில் ஒரு கம்பெனியில் தற்காலிகமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கை நிறையத் தொழில் இருப்பதாக நினைப்பு. ஒரு டிரம்மை வெட்டி, மூடிய இரும்பு அடுப்பாக்கி, கணப்புக்குள் பொருத்தினேன். அளவெடுத்தாற்போல் உள்ளே உட்கார்ந்தது. குழாயைப் புகைபோக்கிக்குள் விட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது, கூடம்தான் சூடாகவில்லை. கார்த்திகைக் குளிரில் வெப்பமானி இருபத்தொன்றைத் தாண்டவில்லை. கூடத்தில் அடுக்கியிருந்த தட்டுகளில் புழுக்கள் இலையைத் தொடாமல் கிடந்தன.

"சூடெல்லாம் செவுத்துக்குள்ளயே போவுது தம்பி. முன்னால இழுத்து வெச்சா என்ன?"

"அளவு கெட்டுடுங்கக்கா. இன்னும் கட்டை போடுங்க."

போட்டார். புகைபோக்கி மேல் உட்கார்ந்த காக்கைகள்தான் குளிர்காய்ந்தன. திங்கட்கிழமை நான் வேலைக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை திரும்பி வந்தபோது அடுப்பு கணப்பை விட்டு இரண்டடி வெளியே, கூடத்தில் நின்றது. அக்கா மீதிக் குழாயைச் செருகிச் சாய்வாக நீட்டியிருந்தார். குழாயைச் சுற்றிப் புகைபோக்கியின் வாயை மண்ணெண்ணெய்த் தகரத்தால் அடைத்துக் களிமண் பூசியிருந்தார். நான் வெட்டிப் போட்ட பச்சைத் தைல மரத்தை ஒதுக்கிவிட்டுக் காய்ந்த புளியங்கட்டையை எரித்துக்கொண்டிருந்தார். வெப்பமானி இருபத்தேழு காட்டியது. அது பழுதாகிவிட்டதென்று நினைத்துத் தட்டிப் பார்த்தேன்.

"யாரக் கேட்டு இழுத்தீங்க?"

"பூச்சியத்தான் கேட்டேன். போய்ப் பாரு, திங்குது."

தட்டுகளில் இலை நரம்பு மட்டும் மீந்திருந்தது. வேலை முடியும்வரை தட்டுகளைப் பின்கட்டில் வைத்திருக்கிறார். அந்தக் குளிரில் புழு தாங்காது என்று, அடுப்பு ஆறும்வரை காத்திராமல் தணலோடு கடப்பாரையால் நெம்பி இழுத்திருக்கிறார். வலது மணிக்கட்டுக்கு மேல் நான்கு விரல் அகலத்துக்கு வெந்திருந்தது. அதை அவர் சொல்லவில்லை, மூத்த பெண்தான் சொன்னாள்.

புழுக்கள் நன்றாகக் கூடு கட்டி முடித்த வாரம் முதலாளி வந்தார். அடுப்பைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, யார் வேலை என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"எந் தம்பிங்க. கம்பெனியில வேல பாக்குதுங்க" என்றார் அக்கா.

நான் வாயைத் திறக்கவில்லை. அக்காவுக்கு வீடு நிலைத்தது. எனக்கு முதலாளியின் பெங்களூர்ப் பட்டறையில் நிரந்தர வேலை கிடைத்தது. அங்கேயே ஃபோர்மேன் ஆகி ஓய்வு பெற்றேன். குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் அந்த அடுப்புக் கதை வரும். அக்காவே முதலில் எடுப்பார், பெயர் எனக்கே போகும். ஏன் இப்படிச் சொல்கிறீர்கள் என்று ஒருமுறை தனியாகக் கேட்டேன்.

"எனக்கு வூடு வேணும், உனக்கு வேல வேணும். ரெண்டும் வந்துச்சில்ல, வுடு" என்றார்.

அந்தப் பின்கட்டிலிருந்தே இரண்டு பெண்களையும் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தார். கடைசி மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். கைத் தழும்பைப் பற்றி நர்ஸ் கேட்டபோது, "சமைக்கறப்ப சுட்டுக்கிட்டது" என்றார். அப்போதும் நான் பக்கத்தில்தான் இருந்தேன். அப்போதும் பேசவில்லை. அதற்காக வெட்கப்படுகிறேன்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இறுதிச் சடங்கை நடத்திய பங்குத்தந்தைக்கும், மூன்று நாளும் எங்கள் வீட்டுக்குச் சோறு ஆக்கிக் கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி.

அக்காவின் பேரப்பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். இனி யாராவது அந்தக் கதையை எடுத்தால், அடுப்பைச் செய்தவன் தம்பி, அதில் சூடு வரவைத்தவர் அக்கா என்று சொல்லுங்கள். நான் பக்கத்தில் இருந்தாலும் சொல்லுங்கள்.