பல்வலியைச் சேர்த்து வைத்தவள்

பர்மாவில் மோல்மேன் படித்துறையில் மொய்ங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் தின் ஸ்வேக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. பிடுங்கிவிடச் சொல்லி அவள் கணவன் கெஞ்சினான்.

"தண்ணித் திருவிழாவுக்கு மடத்துல தியானம் உட்காரப் போறேன். அதுவரைக்கும் இந்தப் பல்லுல யாரும் கை வைக்கக் கூடாது!"

"பல்லை இப்படிப் பாத்துக்கிறியே, என்னையும் கொஞ்சம் பாரேன்டி!"

அவனுக்கு என்ன தெரியும்? தியானத்தில் மூச்சைக் கவனித்தால் அது நழுவிவிடும், வலி நழுவாது. வலியையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். வருஷா வருஷம் பாதியில் காலை நீட்டிவிடுகிறவள் அவள். போன வருஷம் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தவள், பக்கத்துக் கடைக்காரியான நான். அதை ஊரெல்லாம் சொன்னேன், ஏன் சொல்லக் கூடாது? இந்த முறை தானும் உட்கார்ந்து காட்ட வேண்டும் என்று அவளுக்கு வெறி.

முதல் நாள் "வலிக்குது, வலிக்குது" என்று மனதுக்குள் குறித்துக்கொண்டே இருந்தாளாம். திடீரென்று வலியைக் காணவில்லை! நாக்கால் துழாவினாள், பல்லைக் கடித்தாள், ஊஹூம். கால் நீண்டுவிட்டது. பகல் சாப்பாட்டில் வறுத்த பட்டாணியை அந்தப் பல்லாலேயே கடித்துப் பார்த்தாள். அப்போதும் வரவில்லை.

பெரிய பிக்குவிடம் போய் அழாத குறையாக, "சாமி, என் வலி போயிடுச்சு" என்றாள்.

அவர் தன் வீங்கிய கன்னத்தைத் தடவினார். "எங்கிட்ட ஒண்ணு இருக்கு. எடுத்துக்கிறியா?"

அடுத்த அமர்வு முழுக்க அவளுக்குச் சிரிப்புதான். "சிரிப்பு வருது, சிரிப்பு வருது" என்று அதையே கவனித்தாளாம். எனக்கும் தொற்றிக்கொண்டு வயிறு வலித்தது.

மணி அடித்ததும் என்னைக் கிள்ளினாள். "அக்கா, கால் மடக்கினது மடக்கினபடியே இருக்கு, பாத்தியா?"

"உடம்பே குலுங்குச்சேடி! அது கணக்குல சேராது."

அவள் முகம் சுண்டிப்போனது. மறுகணம் கன்னத்தைப் பொத்திக்கொண்டு துள்ளினாள். "அய்யோ, வந்துடுச்சு! அக்கா, வந்துடுச்சு!"

எல்லாரும் வெளியே வர, அவள் மட்டும் உள்ளே ஓடினாள். நான் கடிகாரமும் கையுமாக வாசலில் நின்றேன். ஒரு மணி நேரம் தாண்டியும் விரல்கூட அசையவில்லை, பாவி. வெளியே வந்ததும் கேட்டேன்.

"எவ்வளவு நேரம்டி?"

"தெரியலையே அக்கா. இருட்டிடுச்சா என்ன?"

பல்லை மறுவாரமே பிடுங்கியாயிற்று. எனக்குத்தான் இன்னும் வயிறு எரிகிறது. எரியுது, எரியுது என்று கவனித்துக்கொண்டிருக்கிறேன்.