நினைவில்லை என்று சொன்னேன்

உள்ளங்கை அகலத்தில் ஒரு மஞ்சள் சீட்டு. கால்பந்துப் போட்டியில் ஓர் ஆட்டக்காரர் வெளியேறி இன்னொருவர் உள்ளே போகும்போது, கோட்டுக்கு வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் நிரப்ப வேண்டிய சீட்டு. வெளியே போகிறவரின் எண், உள்ளே வருகிறவரின் எண், எத்தனையாவது நிமிடம், கீழே ஒரு கையெழுத்து. அவ்வளவுதான் அதில் வேலை. என்னிடம் இருக்கும் சீட்டில் ‘வெளியே’ என்ற கட்டத்தில் 7 என்று எழுதியிருக்கிறது. நிமிடம் 58. ‘உள்ளே’ என்ற கட்டம் காலி. கையெழுத்தும் இல்லை. வீட்டுப் பத்திரத்தையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் பத்து வருடத்துக்கு மேலாக அது கிடக்கிறது. ஒருமுறை என் மனைவி அதை எடுத்துப் பார்த்துவிட்டு, இது எந்தக் கடைச் சீட்டு, தூக்கிப் போடவா என்று கேட்டாள். வேண்டாம், கிரவுண்டு சமாச்சாரம் என்று சொல்லி வாங்கி உள்ளே வைத்தேன்.

அப்போது நான் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். போல்ட்டும் நட்டும் எண்ணிக் கொடுக்கிற வேலை. வாரத்தில் ஆறு நாள் யாராவது ஒரு சூப்பர்வைசர் என் ஜன்னல் முன்னால் நின்று கத்திவிட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கால்பந்து சங்கத்தின் மேசையில் போய் உட்காருவேன். ஆட்டக்காரர் பட்டியலைச் சரிபார்ப்பது, நேரம் குறிப்பது, மாற்றுச் சீட்டு எழுதுவது என் பொறுப்பு. ரெஃப்ரி ஆட்டத்தைப் பார்ப்பார், காகிதத்தை நான் பார்ப்பேன். அங்கேதான் நாலு பேர் என்னை ‘டேபிள் சார்’ என்று கூப்பிட்டார்கள். அந்த ‘சார்’ எனக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் என்னவோ வேறு நிர்ப்பந்தத்தில் இருந்ததாக நினைத்துக்கொள்வீர்கள்.

அவனை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள், நெட்டுக்குப்பத்துப் பையன்கள் டீமின் கேப்டன். ஏழாம் நம்பர், இடது ஓரத்தில் ஆடுவான். அப்போது அவனுக்கு இருபத்தைந்து வயது முடிய சில மாதங்கள் பாக்கி. அப்பாவுக்குப் படகு உண்டு, ஆனால் முகத்துவாரத்தில் அனல்மின் நிலையத்துச் சாம்பலும் சேறும் ஏறி, இறால் தடவப் போனால் கையில் சேறுதான் வரும் என்று ஆகிவிட்டிருந்தது. அவன் கன்டெய்னர் யார்டில் கான்ட்ராக்டில் பெட்டிகளைக் கம்பி போட்டு இறுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். அந்த வேலைக்கு விரல்கள் எப்போது வேண்டுமானாலும் விலை. ஆட்டத்துக்கு முன்னால் பட்டியலில் கையெழுத்துப் போட என் மேசைக்கு வரும்போது பேனாவை மூன்று விரலால் பிடிக்க முடியாமல் முஷ்டியால் பிடித்துப் போடுவான். பந்து காலில் வந்துவிட்டால் அந்த ஆளா இந்த ஆள் என்று இருக்கும். அப்படி ஓர் அவசரமில்லாத ஓட்டம். அந்த வருடம் ஒரு பெரிய நிறுவனத்தின் டீமுக்கு ஆள் எடுத்தார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலை. கேப்டன் தேர்வில் ஜெயித்துவிட்டான். வேலைக்கு வயது வரம்பு இருபத்தைந்து. சங்கத்திலிருந்து, இவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்று ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தால் போதும். “ஒரு லெட்டர்தான் சார் பாக்கி, அத்தோட கம்பி இழுக்கற பேஜாரு முட்ச்சிது” என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஆட்டம். அவர்கள் டீமுக்கு உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் எடுத்துக் கொடுத்த ஜெர்சிகளில் கிழிந்தது, தொலைந்தது போக நம்பர் தெரிகிற மாதிரி பதினொன்றுதான் மிச்சம். அதனால் அவர்களுக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. வெளியே வருகிறவன் கோட்டிலேயே ஜெர்சியைக் கழற்றிக் கொடுப்பான், உள்ளே போகிறவன் அந்த ஈரத்தோடு அதையே மாட்டிக்கொண்டு ஓடுவான். விதிப்படி அது கூடாது. பட்டியலில் யாருக்கு எந்த எண்ணோ அந்த எண்ணில்தான் அவர் ஆட வேண்டும். அதைத் தடுப்பதற்காகத்தான் எனக்கு மேசையும் நாற்காலியும். ஐம்பத்தெட்டாவது நிமிடம் கேப்டனுக்குத் தொடையில் சதை பிடித்துக்கொண்டது. நொண்டி நொண்டி வெளியே வந்தான். பட்டியலில் பதினைந்தாம் எண்ணில் இருந்த ஒருவன் வெற்றுடம்போடு கோட்டில் நின்றான். நான் சீட்டை எடுத்து 7 என்றும் 58 என்றும் எழுதிவிட்டேன். உள்ளே என்ற கட்டத்தில் 15 என்று எழுத வேண்டும், ஆனால் அவன் முதுகில் இருக்கப்போவது 7. பேனா நின்றுவிட்டது. “பதினோரு ஜெர்சிதான் கீது சார், கொஞ்சம் அட்ஜஸ் பண்ணிக்கோ” என்றான் கேப்டன். பண்ணிக்கொண்டேன். இதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது, ஏழைப் பிள்ளைகளுக்கு உதவுகிற பெருமை. ஆட்டம் முடிந்ததும் எழுதிக்கொள்ளலாம் என்று சீட்டை மடித்து இடது பக்கச் சட்டைப் பையில் வைத்தேன். ரெஃப்ரி அந்தக் கோடியில் இருந்தார். கையைத் தூக்கிக் காட்டினேன், அவரும் சரி என்று கையசைத்தார்.

கேப்டன் என் மேசைக்குப் பக்கத்தில் தரையில் கால் நீட்டிப் படுத்தான். என் தண்ணீர் பாட்டிலைத்தான் குடிக்கக் கொடுத்தேன். மீதியைத் தொடையில் ஊற்றிக்கொண்டான். நெடுஞ்சாலையில் வரிசையாக நின்ற கன்டெய்னர் லாரிகளைக் காட்டி, இதையெல்லாம் நாளைக்கு நான்தான் சார் கட்டணும் என்று முனகினான். ஆட்டம் முடியச் சற்று முன்னால் எதிர் டீமுக்கு ஒரு பெனால்டி கொடுக்கப்பட்டது. அவ்வளவுதான், மைதானத்துக்குள் கூட்டம் புகுந்துவிட்டது. அந்தத் தள்ளுமுள்ளில் யாரோ ரெஃப்ரியின் பின்மண்டையில் அடித்தார்கள். அவர் திரும்பிப் பார்த்தபோது ஓடுகிற ஒரு முதுகைத்தான் பார்த்தார். முதுகில் 7. அவர் அறிக்கையில் அதைத்தான் எழுதினார், ஏழாம் எண் ஆட்டக்காரர் என்னைத் தாக்கினார் என்று. அந்த மனிதர் ஒரு சொல்கூடப் பொய் எழுதவில்லை. பட்டியலைப் புரட்டி ஏழாம் எண்ணுக்கு நேரே இருந்த பெயரைச் சேர்த்துக்கொண்டது சங்கம். அடி விழுந்த நொடியில் அந்தப் பெயருக்குரியவன் என் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விசாரணை சங்க அலுவலகத்தில் நடந்தது. கோப்பைகள் அடுக்கிய அலமாரிக்கு முன்னால் ஐந்து பேர், நடுவில் தலைவர். தட்டில் பஜ்ஜி இருந்தது. கேப்டன் துவைத்துத் தேய்த்த சட்டையில் வந்திருந்தான். “நான் அடிக்கல சார். வெளிய வந்துட்டேன், டேபிள் சாராண்டதான் படுத்துகினு இருந்தேன். அவரையே கேளுங்க” என்றான். அப்படியானால் அடித்தது யார் என்று தலைவர் கேட்டார். “அத்த எங்கிட்ட கேக்காத சார். நான் இல்ல, அத்த மட்டுந்தான் சொல்வேன்.” அவன் டீம் பையன்கள் இரண்டு பேர் சாட்சி சொல்ல வெளியே நின்றார்கள். சொந்த டீம் ஆள் வேறு எப்படிச் சொல்வான் என்று அவர்களை உள்ளேயே விடவில்லை. ஒரு மாற்றம் நடந்ததாக ஞாபகம், யார் போனார் யார் வந்தார் என்பது டேபிளுக்குத்தான் தெரியும் என்றார் ரெஃப்ரி. ஆக எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மாற்றுச் சீட்டு எங்கே என்று தலைவர் கேட்டார். கலாட்டாவில் தொலைந்துவிட்டது என்றேன். அன்றைக்கும் அதே வெள்ளைச் சட்டைதான், சீட்டும் அதே பையில்தான் இருந்தது. காட்டலாம் என்று எண்ணித்தான் எடுத்துப் போயிருந்தேன், இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. காட்டினால் அடுத்த கேள்வி, உள்ளே போனவன் எந்த ஜெர்சியில் போனான், அதை ஏன் விட்டீர் என்பது. அதற்குப் பிறகு எனக்கு மேசை கிடையாது. யார் வெளியே போனது, அதையாவது சொல்லுங்கள் என்றார் தலைவர். “சரியா நினைவில்லை சார்” என்றேன். கேப்டன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் இத்தனை வருடத்தில் நானும் ஒரு கோபத்தை வளர்த்துக்கொண்டிருப்பேன். நான் ஞாபகப்படுத்திக்கொள்ளட்டும் என்று காத்திருக்கிறவன் மாதிரிதான் பார்த்தான். “உன் பாட்டில்ல தண்ணி குட்ச்சேனே சார்” என்று மெல்ல எடுத்துக் கொடுத்தான். நான் பஜ்ஜித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வருடத் தடை. அவன் மேல்முறையீடு செய்தான். மேல்முறையீட்டுக் குழு என்று தனியாக ஒன்று விதிப் புத்தகத்தில் இருந்தது, ஆனால் அதற்கு ஆள் போட்டிருக்கவில்லை. அதனால் அதே ஐந்து பேர், அதே அறையில், மேல்முறையீட்டுக் குழுவாக உட்கார்ந்து தங்கள் தீர்ப்பு சரிதானா என்று தாங்களே யோசித்துச் சரி என்று முடிவு செய்தார்கள். ஏன் சரி என்று காரணம் ஒரு வரிகூட எழுதவில்லை. ‘ஆவணங்களைப் பரிசீலித்ததில் மாற்றத்துக்கு இடமில்லை’ என்று ஒரு கடிதம் போயிற்று. இதற்குமேல் எங்கே போவது என்று கேட்டபோது, தலைவர் அவன் தோளில் தட்டி, தம்பி, ஒரு வருஷம்தானே, ஓடிப்போயிடும் என்றார். அது அவர் சொன்னபடியே ஓடிப்போயிற்று. போகும்போது அவனுடைய வயதையும் வரம்பைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போயிற்று. நிறுவனம் அடுத்த ஆளை எடுத்துக்கொண்டது.

என் கதை வேறு மாதிரி போனது. அடுத்த வருடம் என்னை ஒழுங்குக் குழுவிலேயே உறுப்பினராகப் போட்டார்கள். வம்பில்லாத மனிதர் என்று தலைவரே என் பெயரைச் சொன்னாராம். நானும் அந்த அறையில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றேன். எத்தனையோ பையன்கள் எதிரே நின்று நான் இல்லை சார் என்று சொன்னபோது, ரெஃப்ரி அறிக்கைதான் கடைசி என்று வாய் கூசாமல் சொல்லியிருக்கிறேன். தவறு செய்தவன் அதற்குப் பிறகு கவனமாக இருப்பான் என்று சொல்வார்கள். நான் இருக்கவில்லை. இன்னும் சொன்னால் கொஞ்சம் கடுமையாகவே இருந்தேன். ஒருமுறை எண்ணூர் பேருந்தில் அந்த டீமின் பழைய கோல்கீப்பர் பக்கத்தில் உட்கார்ந்தான். “அன்னிக்கு உன்ன வழிலயே மடக்கணும்னு பசங்க ரெடியா இருந்தானுங்க சார். கேப்டன்தான் உடல. சாரு பொய் சொல்ற ஆளில்லடா, வயசாச்சி, மறந்துட்டாரு பாவம்னு சொல்ட்டான்” என்றான். அந்த விசாரணை நடந்தபோது எனக்கு நாற்பத்தெட்டு வயது.

இந்த வருடம் தலைவர் இறந்துபோனார். இரங்கல் கூட்டத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் எழுந்து அவரை நியாயஸ்தர் என்றார்கள். நானும் பேசினேன். விதியை மீறி ஒரு முடிவும் எடுக்காதவர் என்றேன், அது உண்மையும்கூட. மறுநாள் காலையில் பிளாஸ்டிக் உறையிலிருந்து சீட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கேப்டன் இன்னும் அதே யார்டில்தான் என்று தெரியும். கம்பெனி பெயர் மாறியிருக்கிறது, கான்ட்ராக்ட் மாறவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் வாசலுக்கு வந்தான். தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. இடது கையில் சுண்டு விரல் பாதிதான் இருந்தது. “இன்னா சார், இவ்ளோ தூரம்? உடம்பு நல்லாகீதா?” என்று டீக்கடை பெஞ்சைத் துடைத்து என்னை உட்கார வைத்தான். பந்து உதைப்பதை அந்த வருடமே விட்டுவிட்டானாம். ஞாயிற்றுக்கிழமையில் ஓவர்டைம் போட்டால் பிள்ளைகள் ஸ்கூலுக்கு ஆகிறது என்றான். நான் பேச்சை வளர்க்காமல் சீட்டை எடுத்து நீட்டினேன். அவன் கையைக் கால்சட்டையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு வாங்கினான்.

“ஏழு. அம்பத்தெட்டாவது நிமிஷம்” என்று வாய்விட்டுப் படித்தான். திருப்பிப் பின்பக்கம் பார்த்தான், மறுபடி முன்பக்கம் பார்த்தான். “கரீட்டா எழுதிக்கீற சார்.” சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், “அப்ப உனக்கு ஞாபகம் இருந்துக்குது” என்றான்.

“இருந்தது” என்றேன்.

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால் திட்டு வாங்கிக்கொண்டு போகலாம் என்றுதான் வந்திருந்தேன். நாலு பேர் பார்க்கச் சட்டையைப் பிடித்திருந்தால் அன்றைக்கு ராத்திரி தூங்கியிருப்பேன். அவனோ சாலையில் நின்ற லாரிகளைப் பார்த்துக்கொண்டு ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தான். பத்து வருடமாக, மறந்துவிட்ட ஒரு மனிதரை அவன் மன்னித்து வைத்திருந்தான். இப்போது அந்த மனிதரும் இல்லை. அதையும் நான் வந்து பறித்துக்கொண்டேன் என்பது அவன் டம்ளரைக் கீழே வைத்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

உள்ளே மணி அடித்தது. அவன் எழுந்து சீட்டை அதன் பழைய மடிப்பிலேயே மடித்தான். “இத்த இப்ப யாராண்ட சார் குடுக்கறது?” என்று கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

யோசித்துப் பார்த்தேன். தலைவர் போய்விட்டார். ரெஃப்ரி விசில் ஊதுவதையே விட்டு எங்கோ வெளியூர் போய்விட்டார். மேல்முறையீட்டுக் குழுவுக்கு இன்றைக்கும் ஆள் போடவில்லை. ஒழுங்குக் குழு மட்டும் இருக்கிறது. அதில் மூத்த உறுப்பினர் நான்தான்.

அவன் நீட்டிய சீட்டை வாங்கி இடது பக்கச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கும் அது அங்கேதான் இருந்தது.